நாடியைத் தாழ்த்தி விழுங்குதல்

1. சூப்

செபமாலை அண்ணை முகம் கறுத்து இருமிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி திரேசக்கா, ஒரு கையில் சூப்புக் கரண்டியும் மறு கையில் தண்ணீர்க் கிளாசுமாகப் பதறிக்கொண்டு நின்றார்.

"அண்ணாந்து குடியுங்கோப்பா, எல்லாம் இறங்கீரும்" என்று அவருடைய தலையைப் பின்னால் சாய்த்தார்.

டென்மார்க்கின் ஹேர்னிங்கில் நான் வேலை செய்த பிளைஹெம்மில், அதாவது முதியோர் இல்லத்தில், இது நடந்தது. எங்கள் ஏர்கோதெரபோய்ட், தொழிற்சிகிச்சை செய்கிற கிர்ஸ்டன், ஓடிவந்து கிளாசைப் பறித்து, அண்ணையை முன்னால் குனிய வைத்தார். விழுங்குவதில் சிரமப்படுகிறவர்களைப் பார்ப்பதும் அவருடைய வேலைதான். இருமல் நின்றது. ஆனால் அந்த வாரமே அண்ணைக்கு நியூமோனியா வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அண்ணையைப்போலப் பக்கவாதம் வந்தவர்களுக்குத் தொண்டையின் ஒரு பக்கம் தூங்கிப்போய்விடும். தண்ணீர் போன்ற மெல்லிய சாமான் மளமளவென்று ஓடி, சாப்பாட்டுக் குழாய்க்குப் போகாமல் சுவாசப்பைக்குள் இறங்கிவிடும். இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. இக்காஸ்டில் தையல் பக்டரி மூடியபிறகு இந்த வேலைக்கு வந்தவள் நான். குளிக்க வார்க்க, உடுப்பு மாற்ற, கதைத்துச் சிரிக்க வைக்கத் தெரியும். அதுவே போதும் என்று இருந்தேன்.

"விழுங்கலைப் பற்றி ஒரு கூர்சுஸ், ஒரு பயிற்சி வகுப்பு இருக்கிறது, நீ போ" என்றார் கிர்ஸ்டன். "அவரோடும் மனைவியோடும் அவர்களுடைய மொழியில் பேச இங்கே உன்னைவிட யார் இருக்கிறார்கள்?"

2. மாதாவும் டெனிஷும்

தொண்டைக்குள் இத்தனை சாமான் இருக்கிறது என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் லத்தீனில் ஒரு பெயர், டெனிஷில் ஒரு பெயர். குசினி மேசையில் புத்தகத்தை விரித்துவைத்து, முதலில் மாதாவுக்குச் செபமாலை சொல்லுவேன், பிறகு படிப்பேன். என் மனுசன் பகிடி பண்ணுவார்.

"மாதாவிட்டக் கேக்கிறீர், அவவுக்கு டெனிஷ் தெரியுமோ?"

"அவவுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியேல்லை. தேத்தண்ணியப் போட்டுக்கொண்டு வாங்கோ."

வகுப்பில் ஒருவருக்கு ஒருவர் ஊட்டிப் பழகவேண்டும். ஒருநாள் ஆசிரியை எல்லோரையும் தலையை நன்றாகப் பின்னால் சாய்த்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். டெனிஷ்காரர் எல்லோரும் புரைக்கேறி இருமினார்கள். நான் கோப்பை உதட்டில் முட்டாமல் கடகடவென்று குடித்து முடித்தேன். ஆசிரியை வாயைப் பிளந்தார். நாங்கள் சின்ன வயதிலிருந்தே அண்ணாந்து குடித்துப் பழகிய ஆட்கள் என்று பெருமையாகச் சொன்னேன்.

"உங்கள் தொண்டைக்கு நல்ல பயிற்சி" என்றார் அவர். "ஆனால் நோயாளி அப்படிச் செய்தால் சுவாசக் குழாய் திறந்தபடி கிடக்கும். நாடி, இந்த முகவாய், நெஞ்சைப் பார்க்கவேண்டும்."

எனக்கு உடனே திரேசக்காவின் கைதான் ஞாபகம் வந்தது. எங்கள் ஆட்களில் எத்தனை பேர் எத்தனை நோயாளிகளுக்கு இப்படித் தலையைச் சாய்த்துக் கஞ்சி பருக்கியிருப்போம்! அன்று பஸ்ஸில் வரும்போது அழுதுவிட்டேன்.

3. திரேசக்கா

அண்ணை திரும்பி வந்தபிறகு, அரைத்த சாப்பாடும் மா போட்டுத் தடிப்பாக்கிய தண்ணீரும் மட்டும்தான் கொடுத்தோம். அக்கா சமைத்துக் கொண்டுவந்த மீன் சொதியைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது.

"இவ்வளவு காலமா என்ர கையால திண்டவர். இப்ப என்ர சாப்பாடு நஞ்சாப் போச்சோ?"

"சாப்பாட்டில பிழையில்லை அக்கா. அதே சொதிய நான் தடிப்பாக்கித் தாறன். நீங்களே குடுங்கோ. நாடி கீழ, ஒரு வாய்க்குக் கொஞ்சம், விழுங்கினாப்பிறகு அடுத்த கரண்டி."

அக்கா என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். பிறகு நான் ஒருநாள் அவசரமாக ஊட்டப்போக, "நாடி, நாடி!" என்று என்னையே அதட்டினார். சிரிப்பு வந்தாலும் சந்தோசமாக இருந்தது.

4. நன்மை

பாஸ்காத் திருநாளுக்கு முதல், தமிழ்க் கத்தோலிக்கக் குருவான எங்கள் சுவாமியார் அண்ணையைப் பார்க்க வந்தார். அதற்கு முன்பெல்லாம் ஆசீர்வாதம் மட்டும் கொடுத்துவிட்டுப் போவார். நன்மை, அந்தத் தேவ அப்பம், வாங்க முடியாத துக்கத்தில் அண்ணை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். இந்தமுறை சுவாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, குழறிக் குழறி, "நன்மை... தாங்கோ" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காய்ந்த அப்பம் அண்ணத்தில் ஒட்டும், உடைந்து தூளாகும். இன்னொரு நியூமோனியாவை அண்ணை தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேண்டாம் என்று சொன்னால், அந்த மனுசன் ஏங்கியே போய்விடுவார். படிக்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிசம் நினைத்தேன்.

"எவ்வளவு சின்னனெண்டா விழுங்குவார்?" என்று சுவாமி கேட்டார்.

"ஒரு சோத்துப் பருக்கையிலும் சின்னன், சுவாமி."

"அது காணும். எவ்வளவு சின்னத் துணிக்கையெண்டாலும் ஆண்டவர் அதில முழுசாத்தான் இருக்கிறார். அது நான் படிச்ச படிப்பு. மிச்சத்த நீங்க சொல்லுங்கோ."

கிர்ஸ்டனைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினேன். முதலில் தடிப்பான தண்ணீரை விழுங்கிக் காட்டச் சொன்னார். அண்ணை காட்டினார். கிர்ஸ்டன் சம்மதித்து, எங்களோடேயே நின்றார். துணிக்கை நாக்கில், உடனே ஒரு கரண்டி தடிப்பான தண்ணீர். அதுதான் ஏற்பாடு.

சுவாமி துணிக்கையை உயர்த்தினார். அவ்வளவுதான், அண்ணை கண்ணை மூடி, தலையை நன்றாகப் பின்னால் எறிந்து, நாக்கை நீட்டினார். முதல் நன்மைக்கு ஆயத்தப்படுத்திய கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்தபடி வாழ்நாள் முழுக்க வாங்கிய மனுசன்.

"நில்லுங்கோ சுவாமி!" என்று கத்தினேன். "அண்ணை, நாடியத் தாழ்த்துங்கோ."

தாழ்த்தினார். சுவாமியின் கை கிட்ட வர, முகம் தானாக மேலே போனது. திரும்பவும் தாழ்த்தினார், திரும்பவும் போனது. திரேசக்கா மெல்ல அழத் தொடங்கினார். சுவாமியோ நல்ல உயரம். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

"சுவாமி, நீங்க மேல நிண்டா அவர் மேலதான் பாப்பார். நீங்க கீழ வரவேணும்."

சொன்னபிறகுதான், யாருக்கு என்ன சொன்னேன் என்று உறைத்தது. சுவாமி இருக்கக் கதிரை ஒன்றை இழுத்தேன். அண்ணை இருந்த தள்ளுவண்டி தாழ்வு என்பதால் கதிரையும் உயரமாக இருந்தது. சுவாமி அங்கியை ஒதுக்கிக்கொண்டு அண்ணைக்கு முன்னால் முழங்காலில் நின்று, கீழேயிருந்து துணிக்கையை நீட்டினார்.

அண்ணை குனிந்து பார்த்தார். நாடி நெஞ்சில் முட்டியது. துணிக்கையை வாங்கினார். நான் ஒரு கரண்டி தடிப்பான தண்ணீரைக் கொடுத்துவிட்டு அவருடைய தொண்டையில் விரலை வைத்தேன். குரல்வளை ஏறி இறங்கியது. இருமவில்லை.

விழுங்கியபிறகு நோயாளியைப் பேசவைத்துப் பார்க்கவேண்டும். குரல் களகளத்தால் தண்ணீர் பிழையான பக்கம் போயிருக்கிறது என்று அர்த்தம்.

"அண்ணை, ஏதாவது ஒண்டு சொல்லுங்கோ."

அவர் தனக்கு முன்னால் முழங்காலில் நின்றவரைப் பார்த்தபடியே, தெளிந்த குரலில், "சுவாமிய எழும்பச் சொல்லு பிள்ளை" என்றார்.

இந்த வேலைக்கு வருகிற இளம் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அன்பு இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திரேசக்காவுக்கு அண்ணைமேல் இருந்த அன்பில் கால்வாசி எனக்கு இல்லை. ஆனால் அந்த அன்புக்கு ஒரு தொண்டை எப்படி வேலைசெய்கிறது என்று தெரியாமல் போனது. முன்பெல்லாம், ஆண்டவரே இவர்களைப் பார்த்துக்கொள்ளும் என்று செபித்துவிட்டு வேலைக்குப் போவேன். அவர் என்னை வகுப்பில் கொண்டுபோய் இருத்தினார். இப்போது செபம் முடிந்ததும் புத்தகத்தைத் திறக்கிறேன்.