நாலு அங்குலம்

போன புதன்கிழமை என்னை ஓர் எட்டாம் வகுப்புப் பெண் கையும் களவுமாகப் பிடித்தாள்.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் பின்னால் ஓர் அரசுப் பள்ளி. என் மனைவி அங்கே பி.டி. டீச்சர். வருடத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளின் உயரம், எடை பார்ப்பார்கள். வயதுக்கு மீறிய பருமன் என்றால் வீட்டுக்கு ஒரு லெட்டர் போகும். எடை அவள் டிபார்ட்மென்ட். உயரம் பார்க்க சம்பளமில்லாத உதவியாள் – வேறு யார், நான்தான்!

போன வருடம் லிஸ்ட் நீளமாக வந்தது. நானும் பத்திரிகையின் இதே பக்கத்தில் பரோட்டாவையும் சிப்ஸையும் திட்டித் தீர்த்தேன். நினைவிருக்கிறதா?

இந்த முறை அந்த எட்டாம் வகுப்புப் பெண், பவானி, வரிசையின் கடைசியில் நின்றாள். நகரவே மனமில்லை.

"இன்னொரு லெட்டர் மட்டும் குடுத்துடாதீங்க டீச்சர்" என்றாள். "போன வருச லெட்டர பாத்ததுலேந்து எங்கம்மா காலைல நாஷ்டாவே குடுக்கறதில்ல. 'நீ குண்டாகீற, மத்தியானம் ஸ்கூல்ல துன்னா போதும்'னு சொல்லிட்டு ஷிஃப்டுக்குப் போயிடுது."

என் மனைவியின் முகம் சுண்டிப்போனது. ஒரு வருடமாகவா?

எடை, ஐம்பத்து நாலு கிலோ. சுவரில் ஒட்டிய உயர அட்டையைப் பார்த்து, "நூற்று நாற்பது" என்றேன்.

"இன்னா சார் இது? போன வாரம் கபடி செலக்‌ஷன்ல நூத்தம்பதுன்னு எழுதினாங்க. ஒரே வாரத்துல சுருங்கிட்டேனா?"

நான் வாயைத் திறப்பதற்குள் குனிந்து அட்டையின் அடியைப் பார்த்தாள்.

"சார்... கீழ இருக்கற டைல்ஸ விட்டுட்டு, அதுக்கு மேலேந்து ஒட்டிக்கீறாங்க. பூஜ்யம் தரையிலயே இல்ல!"

சுவரோரம் நாலு அங்குலத்துக்கு டைல்ஸ் பதித்திருந்தார்கள். வழவழப்பில் அட்டை ஒட்டவில்லை. சரி, கொஞ்சம் மேலே தள்ளி ஒட்டுவோம் என்று போன வருடம் ஒட்டிய மேதாவி... நான்தான். பள்ளிக்கூடத்தையே நாலு அங்குலம் குள்ளமாக்கியிருக்கிறேன்! குள்ளமானால் அதே எடை பருமனாகத்தானே தெரியும்? பரோட்டாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அட்டையைப் பிய்த்துத் தரையிலிருந்து ஒட்டி, எல்லோரையும் மறுபடி அளந்தோம். லிஸ்டில் முக்கால்வாசி காலி. ஒரே கைதட்டல்.

பவானியின் பெயர் மட்டும் போகவில்லை. அவளுடைய பருமன் கணக்கு வெகுவாக இறங்கியிருந்தது. ஆனாலும் அளவைவிடக் கொஞ்சம் அதிகம். மனைவி அவளைத் தனியே அழைத்து மெதுவாகச் சொன்னாள். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே தைரியமில்லை.

பவானியின் குரல்தான் கேட்டது.

"கொஞ்சம்தானே டீச்சர்? லெட்டர் எழுதுங்க, பரவால்ல. ஆனா நாஷ்டாவ நிறுத்தக்கூடாதுன்னும் சேத்து எழுதுங்க. எங்கம்மா படிக்கட்டும்."

பதிமூன்று வயது! தப்பைக் கண்டுபிடித்து பள்ளியையே காப்பாற்றிவிட்டு, தன் பங்கு உண்மையை மறுக்காமல் வாங்கிக்கொண்ட பெண். பெற்ற பிள்ளை போல எனக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவி ஒவ்வொரு லெட்டரிலும் முதல் வரியாக அதையே எழுதினாள்: 'காலைச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்.' பவானியின் அம்மாவுக்குப் போனும் செய்தாள்.

மறுநாள் பிரேயர் முடிந்த பிறகு ஓடிவந்திருக்கிறாள் பவானி.

"நாஷ்டா துன்னுக்கினு இருந்தேன் டீச்சர். லேட்டாயிடுச்சு."

லேட்டாக வந்த பிள்ளையைப் பார்த்து என் மனைவி சிரித்தது, இருபது வருட சர்வீஸில் அன்றைக்குத்தானாம்!