சைக்கிள் டியூப் பொத்தான்

அந்தத் துறைமுகத்தில் அவளை எல்லோரும் ரேடியோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த கிரேன்காரருக்கும் அவள் அக்காதான். கேட்டால், "செத்துப்போன செட்டுக்கு உசுரு குடுக்கறவங்க எத்தனை வயசா இருந்தா என்ன, அக்காதான்" என்பார். கையில் பிடித்துப் பேசுகிற வாக்கி டாக்கியை அங்கே செட் என்பார்கள். இருநூற்றுச் சொச்சம் செட்டுகள் இருந்தன. கீழே போடுவார்கள், மழையில் நனைப்பார்கள், ஒரு மகராசன் கொதிக்கிற டீக்குள் முக்கியே எடுத்து வந்தான். எல்லாம் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வந்து சேரும்.

மேஜை இருந்த அறைக்கு டப்பா என்று பெயர். அது வெறும் கேலிக்கு வைத்த பெயர் இல்லை. சுவர், கூரை, கதவு எல்லாவற்றையும் தகரம் அடித்து மூடியிருந்தார்கள். உள்ளே ஒரு செட்டைச் சோதித்தால் வெளியே வேலை செய்கிறவர்களின் பேச்சில் அது குறுக்கிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. உள்ளிருந்து அலை வெளியே போகாது, வெளியிலிருந்து உள்ளே வராது. கைப்பேசி அங்கே மணி பார்க்க மட்டும்தான் உதவும். வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டுக்கு வர வேண்டும். ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. எட்டு வருஷம், ஐயா, எட்டு வருஷம் அந்தத் தகரத்துக்குள்!

கணவனும் மகளும் ஒரு ராத்திரி ரயில் பயண தூரத்தில், வேறு ஊரில் இருந்தார்கள். அவனுக்கு அங்கே நீரேற்று நிலையத்தில் வேலை. பிரிந்தபோது மகளுக்கு நான்கு வயது, இப்போது பன்னிரண்டு. செட்டில் ஒருவர் பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொன்னால்தான் அடுத்தவர் பேசலாம் என்று அம்மா விளையாட்டாக ஒருநாள் சொல்லிவைக்க, அந்தக் குட்டி அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அன்றிலிருந்து கைப்பேசியிலும் அதே கதைதான். "நான் சாப்பிட்டேன், ஓவர்." "கணக்குல முட்டை, அப்பாகிட்ட சொல்லாத, ஓவர்."

இடமாற்றம் கேட்டு அவள் எழுதிய மனுக்கள் மேலாளரின் மேஜை இழுப்பறையில் தூங்கின. "நீங்க போயிட்டா இதையெல்லாம் யாரும்மா பாப்பாங்க?" என்று தேன் ஒழுகப் பேசுவார். சரி, கூட ஒரு ஆளாவது கொடுங்கள் என்றால் காது கேட்காதவர் மாதிரி ஃபைலைப் புரட்டுவார். இப்படி இழுத்தடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது. கணவன் இருக்கும் ஊரின் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆசிரியர் வேலை. திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கடிதத்தைப் படிக்கட்டில் நின்று மூன்று தடவை படித்தாள். அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனாள்.

மேலாளரால் இதை நேராகத் தடுக்க முடியவில்லை. ஆனாலும் விட மனசில்லாமல் ஒரு முட்டுக்கட்டை போட்டார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேஜை காலியா இருக்கணும். ஒரு செட்டு பாக்கி இருந்தாலும் விடுவிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன். அது இல்லாம அங்க சேர முடியாது, தெரியுமில்ல?"

"காலியா இருக்கும் சார்" என்றாள்.

சொல்லிவிட்டாளே ஒழிய, அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அதைச் சொல்வதென்றால் சுவரில் தொங்கிய கடிகாரத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், செட்டின் பக்கவாட்டில் அமுக்கிப் பேசுகிற பொத்தானை மூடியிருக்கும் ரப்பர், வரிசையாகக் கிழிய ஆரம்பித்தது. புது ரப்பர் வர நான்கு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை துறைமுகம் வாயை மூடிக்கொண்டா இருக்கும்? இவள் சும்மா இருக்கிறவளா! சைக்கிள் கடைக்குப் போய்ப் பழைய டியூப்களை வாங்கி வந்தாள். கட்டைவிரல் நக அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டி, பஞ்சர் பசை போட்டு ஒட்டினாள். நூற்று எழுபத்து மூன்று செட்டுகள், பதினோரு நாட்கள். வேலை நிற்கவே இல்லை. மேலாளர் கூட்டம் போட்டுக் கைதட்டி அந்தச் சுவர்க்கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தார். மேலிடத்துக்கு மட்டும், கம்பெனி ரப்பரே போட்டதாக எழுதிவிட்டார். பிறகு அசல் ரப்பர் வந்தது. ஓடுகிறதை ஏன் பிரித்துக் கெடுக்க வேண்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். வந்த ரப்பரெல்லாம் புதுச் செட்டுகளுக்குப் போய்த் தீர்ந்தது.

உப்புக்காற்றும் வெயிலும் கை வியர்வையும் ஏழு வருஷமாக அந்த டியூபைத் தின்றுகொண்டிருந்தன. கடிதம் வந்த வாரம்தான் முதல் செட் வந்தது. டியூப் துண்டு இளகி, வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுத்து, அமுக்கிய பொத்தான் மேலே எழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டித் துடைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் மூன்று வந்தன. அதற்கடுத்து ஐந்து. வெயில் அதிகம், அதனால்தான் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். அவளுக்குத் தெரியாததா? தெரிந்துதான் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை தாண்டட்டும் என்று இருந்துவிட்டாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேஜை காலி. கடைசிச் செட்டை வாங்கிப்போன ஆள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். மேஜையைத் துணியால் துடைத்தாள். அடியில் இருந்த பச்சை நிறத்தையே மறந்திருந்தாள். படிக்கட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டாள்.

"அம்மா, அலமாரியில மேல் தட்டு உனக்கு. என் துணியெல்லாம் எடுத்து அட்டைப்பெட்டியில போட்டுட்டேன். அப்பா புதுசா பேப்பர் விரிச்சிருக்கார். ஓவர்."

"ஒரு தட்டு எனக்குப் பத்துமாடி? ஓவர்."

"உங்கிட்ட இருக்கறதே நாலு சேலை! ஓவர்."

சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பியபோது கொக்கிக்காரர் வந்தார். கிரேன் இறக்குகிற பெட்டிகளில் கொக்கி மாட்டுகிறவர். ஒரு காலில்தான் பூட்ஸ் இருந்தது. இன்னொரு காலில் கிழிந்த காலுறை.

"அக்கா, இந்தச் செட்டைப் பாருங்க. பெட்டி என் தலைக்கு மேல எறங்குது. நிறுத்து நிறுத்துன்னு கத்துறேன். கிரேன்காரருக்குக் கேக்கவே இல்ல. பெட்டிக்கடியில பூட்ஸ் மாட்டிக்கிச்சு. எப்படியோ காலை உருவிக்கிட்டு விழுந்தேன். பூட்ஸ் அப்பளமாயிடுச்சு அக்கா."

"கிரேன்காரருக்கு என்னதான் கேட்டுச்சு?" என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"யாரோ பாட்டை முணுமுணுக்கிற சத்தம்தான் கேட்டுச்சாம். அதுவும் ரொம்ப நேரமா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு செட்டில் பொத்தான் அமுங்கியிருக்கும்வரை அந்த அலைவரிசையில் வேறு யார் பேசினாலும் எடுபடாது. எங்கோ ஒரு காவலாளி, இடுப்பில் செட்டை மாட்டிக்கொண்டு, தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறான். பொத்தான் ஒட்டிக்கிடப்பது அந்த அப்பாவிக்குத் தெரியவே தெரியாது. இவர் வைத்திருந்த செட்டைச் சோதித்துப் பார்த்தாள். நன்றாகவே வேலை செய்தது.

பின்னாலேயே மேலாளர் வந்து சேர்ந்தார். கையில் விடுவிப்புக் கடிதம். "செட்டுல கோளாறு இருக்கா?"

"இந்த செட்டுல இல்ல சார்."

"அப்ப கோளாறு இல்லைன்னு எழுதுங்க. மேஜை காலி. நானும் கையெழுத்துப் போட்டுடறேன்." பேனாவின் மூடியைக் கழற்றினார்.

எழுதினால் அது பொய்யும் இல்லை. நாளை ராத்திரி ரயில். ஒரு வரி எழுதினால் போதும், இந்தத் தகரத்திலிருந்து விடுதலை. அவள் பதிவேட்டைத் திறந்தாள். கண் மட்டும் கொக்கிக்காரரின் காலுறையை விட்டு நகர மறுத்தது. கட்டைவிரல் வெளியே தெரிந்தது. அதை அவர் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தவர் போல.

"சார், அந்த டியூப் ரப்பர் எல்லாம் இளகிடுச்சு" என்றாள். "நூத்தி எழுபத்து மூணுல ஒம்பதைத்தான் இதுவரைக்கும் சுத்தம் பண்ணியிருக்கேன். ரெண்டு வாரமா எனக்குத் தெரியும். சொல்லல. இவர் கால் போயிருந்தா அது என்னாலதான்."

கொக்கிக்காரர் அவளைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மனிதர் தன் செட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே படியிறங்கிப் போனார். காலியாக இருந்த மேஜையில் அது ஒன்று.

மேலாளர் பேனாவை மூடினார். கடிகாரக் கதை மேலிடத்துக்குப் போனால் தன் தலையும் உருளும் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "புது ரப்பர் வர ஆறு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் பிரிச்சுச் சுத்தம் பண்ணி ஓட்டணும். எந்த செட்டுல என்ன ஒட்டினீங்கன்னு உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நீங்க செஞ்சது, நீங்களே சரி பண்ணுங்க." கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

டப்பாவுக்குள் இருந்து பேசினால் வெளியே யாருக்கும் கேட்காது. அவள் தன் செட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அதற்குள் காவலாளியின் பாட்டு நின்றிருந்தது, யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும்.

"எல்லாரும் கேளுங்க. ரேடியோ அக்கா பேசறேன். தூக்குற வேலை, எறக்குற வேலை எல்லாத்தையும் நிறுத்துங்க. இனிமே கொடி காட்டித்தான் வேலை. கையில இருக்கிற ஒவ்வொரு செட்டையும் டப்பாவுக்குக் கொண்டு வந்து குடுங்க. ஒண்ணுகூட வெளிய இருக்கக் கூடாது. ஓவர்."

கால்மணி நேரத்தில் படிக்கட்டு முழுவதும் ஆட்கள். செட்டுகள் மேஜையில் குவிந்தன. பச்சை நிறம் மறைந்தது. மேஜையில் இடம் தீர்ந்ததும் தரையில் அடுக்கினார்கள். "அக்கா ஊருக்குப் போறாங்கன்னு சொன்னாங்களே" என்றான் ஒருவன்.

கூட்டம் கலைந்ததும் படிக்கட்டில் நின்று மகளைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, மேல் தட்டுல உன் துணியையே திரும்ப வச்சுக்கோ. அம்மாவால வர முடியல. ஓவர்."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் காத்திருந்தாள். மகள் ஓவர் சொல்லவில்லை. சற்று நேரத்தில் கைப்பேசி வேறொரு கைக்கு மாறியது.

"என்னாச்சு? அவ ஏன் அழறா?" என்றான் கணவன்.

நடந்ததைச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில், "சரி, சாப்பிடு" என்று மட்டும் சொன்னான்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மேலாக இருந்த செட்டை எடுத்து, முதல் திருகைக் கழற்றினாள்.