செபத்தின் மற்றப் பாதி

அண்ணர் எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைவடையும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய கடைசித் தங்கை எழுதுவது. என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் வெளிநாட்டில் இருப்பதாலும், அண்ணரின் பிற்காலத்தை அருகே நின்று பார்த்தவள் நான் ஒருத்தியே என்பதாலும் இந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அண்ணர் சொல்வார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவில், நாரந்தனைக்கு அப்பால், கரையில் நின்றால் அனலைதீவு தெரியும் எங்கள் சிற்றூரில் அண்ணர் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா காய்ச்சலில் இறந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஐயாவின் வள்ளத்தில் ஏறினார். தங்கைமார் மூவரையும் கரை சேர்த்த பிறகே தனக்கென்று ஒரு கலியாணம் செய்தார். குடி இல்லை, வெற்றிலை இல்லை, வீண்பேச்சு இல்லை. பிடிவாதம் மட்டும் மூன்று பேருக்குப் போதுமான அளவு இருந்தது.

சண்டைக் காலத்தில் தீவை விட்டு எல்லோரும் ஓடினோம். பிறகு திரும்பிப் போகலாம் என்றதும் முதலில் போன குடும்பம் அண்ணருடையது. எங்கள் மாதா கோயிலுக்குக் கூரை இருக்கவில்லை. தன் வீட்டுக்குப் போட வைத்திருந்த தகரத்தைக் கோயிலுக்குப் போட்டார். அந்த மழைக்காலம் முழுவதும் அவர் மனைவி, என் மச்சாள், என்ன சொல்லியிருப்பா என்பதை நான் எழுதத் தேவையில்லை.

ஆனால் ஊர் பழையபடி கூடவில்லை. திரும்பி வந்தவர்களும் பிள்ளைகளின் படிப்பு என்று யாழ்ப்பாணம் போனார்கள், அங்கிருந்து பிரான்சுக்கும் கனடாவுக்கும் போனார்கள். அண்ணரின் ஒரே மகளும் பிரான்சில் கலியாணம் முடித்தாள். மச்சாள் காலமான பிறகு எங்கள் கரையில் இரவில் வெளிச்சம் எரியும் வீடு அண்ணருடையது ஒன்றுதான். மகள் கூப்பிட்டாள், நானும் யாழ்ப்பாணத்துக்கு வரச்சொன்னேன். கோயிலை ஆர் பார்ப்பது என்று கேட்டு எங்கள் இருவர் வாயையும் அடைத்துவிட்டார்.

ஒருநாள் பின்னேரம் நான் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தேன். கோயிலில் அண்ணர் தனியே முழந்தாளில் நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். செபமாலையில் ஒவ்வொரு மங்கள வார்த்தை செபத்தையும் முதற் பாதி ஒருவர் சொல்ல, மற்றப் பாதியைக் கூடியிருப்பவர்கள் சொல்வது வழக்கம். எங்கள் ஊரில் ஆண்கள் பக்கம் தொடங்கும், பெண்கள் பக்கம் பதில் சொல்லும். அண்ணர் உரத்த குரலில் முதற் பாதியைச் சொன்னார். பிறகு பேசாமல் இருந்தார். ஒரு கூட்டம் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் இருந்துவிட்டு, அடுத்த மணிக்கு விரலை நகர்த்தி மறுபடி முதற் பாதி. அண்ணருக்கு மனம் பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

முடிந்து வெளியே வந்ததும் கேட்டேன். “அண்ணை, மிச்சத்தை ஏன் நீங்கள் சொல்லேல்லை?”

“அது சனம் சொல்லுறதெல்லோ.”

“சனம் எங்க?”

அவர் எங்கள் சனத்தைப் புதைத்த சேமக்காலைப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு கடல் பக்கமும் காட்டினார். “எல்லாரும் இருக்கினம், பிள்ளை. இஞ்ச இல்லை, அவ்வளவுதான். மோட்சத்தில இருக்கிறவை, உத்தரிக்கிற இடத்தில இருக்கிறவை, வெளிநாட்டில இருக்கிறவை. எல்லாம் ஒரே திருச்சபை. சின்னனில ஞானோபதேசத்தில படிச்சதை மறந்து போனியே?”

நான் மறக்கவில்லை. மோட்சத்துக்குப் போனவர்கள், பாவம் தீர உத்தரிக்கிற இடத்தில் காத்திருக்கும் ஆன்மாக்கள், பூமியில் உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்ததே திருச்சபை என்றுதான் படித்திருந்தோம். ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். இறந்தவர்களும் தூரத்தில் இருப்பவர்களும் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த ஆளில்லாத கோயிலில் என் காதில் விழுந்தது அண்ணரின் குரல் மட்டுந்தான்.

பிறகு சுற்றூர்கள் சேர்ந்த எங்கள் பங்குக்குக் குருவாக இளவயதுச் சுவாமி ஒருவர் வந்தார். அண்ணரிடம் ஒரு காரியம் கேட்டார். அடுத்த ஊரில் திரேசம்மா என்றொரு அம்மா இடுப்பு முறிந்து படுக்கையில் இருக்கிறா, பிள்ளைகள் ஜெர்மனியில், காலையில் மட்டும் அயலில் ஒரு பெண் வந்து கவனித்துவிட்டுப் போவாள், பின்னேரத்தில் யாரும் இல்லை, நீங்கள் போய்ச் செபமாலைக்குத் துணை இருக்க முடியுமா என்று. திரேசம்மா அம்மாவின் செபமாலைக்கும் கோயில் செபமாலைக்கும் ஒரே நேரம். ஒன்றுக்குப் போனால் மற்றதற்குப் போக முடியாது. அண்ணர் மறுத்துவிட்டார். பூட்டினால் கோயில் செத்துப்போகும் என்று அவர் மெய்யாகவே நம்பினார். தான் ஒருவன் விட்டுவிட்டால் எங்கள் ஊரில் திருச்சபை என்று ஒன்றே இல்லாமல் போகும் என்ற பயம் அவருக்கு. அதற்காகத்தான் மகளிடங்கூடப் போகாமல் இருந்தவர்.

சுவாமி விடவில்லை. நான் அண்ணர் வீட்டில் நின்ற ஒரு நாளிலும் வந்து கதிரையில் இருந்துகொண்டு சொன்னார்: “ஐயா, மோட்சத்தில இருக்கிறவையும் திருச்சபைதான், உத்தரிக்கிற இடத்தில இருக்கிறவையும் திருச்சபைதான். நீங்கள் சொல்லுறதில பிழை இல்லை.”

“அப்ப என்ன சுவாமி?”

“பூமியில இருக்கிற பங்கை விட்டிட்டியளே. செத்தவை உங்களுக்காக மன்றாடுவினம். ஆனா திரேசம்மாவுக்கு ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுக்க அவையளால ஏலாது. அதுக்குத்தானே உங்களையும் என்னையும் இன்னும் இஞ்ச விட்டு வைச்சிருக்கு.”

அண்ணர் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். “மாதாவை இருட்டில விட்டிட்டுப் போக மனம் கேக்குதில்லை, சுவாமி.”

நான் குறுக்கே புகுந்தேன். “மாதாவுக்கு இருட்டெண்டாப் பயமே, அண்ணை?”

சுவாமி சிரித்துவிட்டார். அண்ணர் சிரிக்கவில்லை. அன்று என்னோடு சாப்பிடவும் இல்லை.

சில கிழமைகள் கழித்து ஒரு பின்னேரம் கோயில் கதவைப் பூட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அன்றிரவே எனக்குப் போன் எடுத்தார். வழக்கமாக நான் எடுத்தால்தான் பேசுவார். குரலில் அப்படியொரு கோபம்.

“அந்த மனிசி என்னைச் சொல்ல விடுறா இல்லை. நான் தொடங்க, ‘தம்பி, நீர் பதிலைச் சொல்லும், நான்தான் தொடங்குவன்’ எண்டு சொல்லுறா. படுக்கையில கிடந்துகொண்டு!”

“அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“என்ன செய்யிறது, பதிலைச் சொன்னனான். இடையில எனக்கு மறந்தும் போச்சு. அதுக்கும் பேச்சு வாங்கினனான்.”

இனிப் போகமாட்டார் என்று நினைத்தேன். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். பல மாதம் கழித்து, தான் ஏன் போகிறார் என்பதை அவராகவே ஒருமுறை சொன்னார். “அவ முதல் பாதியைச் சொல்லிப் போட்டு என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு கிடப்பா. நான் சொல்லாட்டி அடுத்ததுக்குப் போகமாட்டா. நான் இவ்வளவு காலமும் ஆரும் சொல்லாமலே அடுத்ததுக்குப் போனனான், பிள்ளை.” இதைச் சொல்லிவிட்டு அண்ணர் அழுதார். ஐயா இறந்தபோதுகூட எங்கள் முன்னால் அழாத மனிதர்.

அதன்பின் அவர் தனிமை தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. அது உண்மையில்லை. பூட்டிய கோயிலைத் தாண்டிச் சைக்கிளில் போகும்போது அந்தப் பக்கம் பார்க்கமாட்டாராம். திரும்பி வந்தால் தானே அடுப்பு மூட்டி, தானே சாப்பிட்டு, தானே பாயை விரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குக் கோயிலுக்குப் போய், தெரியாதவர்களுக்கு நடுவே கடைசி வாங்குப் பலகையில் இருந்தார். தன் ஊரில் எல்லாமாக இருந்தவருக்கு அது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்பது நல்லாயிருக்கு என்று ஒருமுறை சொன்னார்.

பிறகு அண்ணருக்கு நோய் கண்டு, அது முற்றியதும் யாழ்ப்பாணத்தில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். அவர் கவலையெல்லாம் திரேசம்மா அம்மாவைப் பற்றியே. கடைசிப் பின்னேரம் மகள் பிரான்சிலிருந்தும், அக்காமார் கனடாவிலிருந்தும் போனில் வந்தார்கள். நான் செபமாலையைத் தொடங்கினேன். பதில்கள் ஒன்றுக்கொன்று முந்தியும் பிந்தியும் வந்து விழுந்தன. ஒருவர் முடிக்கும்போது மற்றவர் நடுவில் நின்றார். சந்தைக்குள் நின்று செபித்தாற்போல இருந்தது. அண்ணரின் உதடுகள் மட்டும் ஒவ்வொரு பதிலையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. அவை எப்போது நின்றன என்று எனக்குத் தெரியாது. போன்களெல்லாம் அணைந்த பிறகு வீட்டில் அண்ணரும் நானும் மட்டும் இருந்தோம். அவர் கை சூடு ஆறும்வரை நான் அதை விடவில்லை.

அவரை ஊருக்குக் கொண்டுபோய் எங்கள் சேமக்காலையில் மச்சாளுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். சாகுமுன் அவஸ்தைப் பூசுதல் தந்து இறுதித் திருப்பலியும் ஒப்புக்கொடுத்த சுவாமிக்கு நன்றி. பந்தல் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து, பெட்டிக்குத் தோள் கொடுத்த நாரந்தனைச் சைவ உறவுகளை நான் வாழும்வரை மறவேன். முகம் சுளிக்காமல் அண்ணரைப் பராமரித்த தாதியருக்கும், தொலைவிலிருந்து எங்களோடு அழுதவர்களுக்கும் நன்றி.

ஆண்டு நினைவுக்கு என்ன செய்யலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். மலர்வளையம் வேண்டாம், அன்னதானமும் வேண்டாம். திரேசம்மா அம்மா இன்னும் இருக்கிறா. வெள்ளிக்கிழமைகளில் நான் பஸ் ஏறிப் போகிறேன். ஞாயிறு பின்னேரம் சுவாமி போகிறார். மற்ற நாட்களில் அந்த அம்மா முதற் பாதியைச் சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறா. இதை வாசிக்கும் உங்களில் தீவில் இருப்பவர்கள், அல்லது யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பின்னேரம் வந்துபோகக் கூடியவர்கள், கிழமையில் எந்த நாள் உங்களுக்கு ஏலும் என்று எனக்குச் சொல்லுங்கள்.