மீன் தொட்டியில் கரண்ட்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவருடைய கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து மீன் தொட்டிக்கு எதிரே போட்டேன். வேறு இடம் இல்லை. ரந்தா டவுனிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கும் பழைய தோட்டத்து வீடு எங்களுடையது. முன்னறை, ஒரு படுக்கையறை, குசினி, பின்னால் குளியலறை, அவ்வளவுதான்.

அவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அந்தத் தொட்டியோடுதான் இருப்பார். அதில் ஒரே ஒரு ஃபிளவர்ஹார்ன் மீன். நெற்றி புடைத்து, சிவப்பாக, எப்போதும் கோபமாக இருப்பதுபோலத் தெரியும். வேறு மீன் போட்டால் கடித்தே கொன்றுவிடும். அதனால் தனியாகவே வளர்ந்தது. அவர் நன்றாக இருந்தவரை என்னைத் தொட்டியில் கைவைக்க விட்டதில்லை.

அவர் விழுந்ததும் நான் மந்தினில் பார்த்துவந்த தொழிற்சாலை வேலையை விட்டேன். ஆட்களை ஏற்ற வரும் பஸ் மட்டும் தினமும் வந்து, முச்சந்தியில் ஹாரன் அடித்துவிட்டுப் போகும். அந்தச் சத்தம் கேட்கும்போது நான் அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருப்பேன். அப்புறம் கஞ்சி, மாத்திரை, துணி, மீன். சாமான் வாங்கப் போனாலும் பாதி வழியிலேயே மனசு வீட்டுக்குத் திரும்பிவிடும்.

அவருக்குப் பேச்சும் போய்விட்டிருந்தது. சில சொற்கள்தான் மிச்சம். அவையும் இடம் மாறி வரும். தண்ணீர் வேண்டுமென்றால் "லாரி" என்பார். நான்தான் ஊகிக்க வேண்டும்.

தொட்டியைக் கழுவும்போதெல்லாம் என் விரல்கள் சுரீரென்றன. சவர்க்காரம் பட்டுப் பட்டுக் கையெல்லாம் வெடித்திருந்தது. அந்த எரிச்சல்தான் என்று விட்டுவிட்டேன். அதே நேரத்தில் கட்டிலிலிருந்து அவர் கத்துவார்.

"சிலிப்பர்! சிலிப்பர்!"

நல்ல கையால் கட்டில் சட்டத்தை அடிஅடியென்று அடிப்பார். வெளியே போக வேண்டும், செருப்பை எடுத்து மாட்டு என்கிறார் என்று நினைத்தேன்.

"எங்கங்க போவ முடியும்? படியில யாரு தூக்குறது? சும்மா இருங்கலா!"

அவர் முகம் சிவந்துபோகும். கண்ணில் தண்ணீர் வரும். நான் முதுகைக் காட்டிக்கொண்டு தேய்ப்பேன். எனக்கும்தான் வெளியே போக ஆசை, நான் யாரிடம் போய்க் கத்துவது என்று உள்ளே பொருமிக்கொண்டே தேய்ப்பேன்.

ஒருநாள் முன்னறையைக் கழுவிவிட்டு, ஈரம் காய்வதற்குள் வெறுங்காலோடு தொட்டியில் கைவிட்டேன். தோள்வரை இழுத்து அடித்தது. பின்னால் போய் விழுந்தேன். மீன் எகிறி மூடியில் மோதிற்று. அவர் கத்தவில்லை. வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, கெஞ்சுவதுபோல, "சிலிப்பர்" என்றார். அவருடைய விரல் என் காலைக் காட்டியது.

அப்போதுதான் புரிந்தது. நன்றாக இருந்த காலத்தில் அவர் ரப்பர் சிலிப்பர் போடாமல் தொட்டிப் பக்கம் போனதே இல்லை. வீட்டுக்குள் செருப்பா என்று நானே எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்.

"தண்ணியில கரண்டு இருக்குன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

தலையை ஆட்டினார்.

"தெரிஞ்சும் ரிப்பேர் பண்ணாம, சிலிப்பர் போட்டுக்கிட்டா சமாளிச்சீங்க?"

அதற்கும் ஆட்டினார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு எல்லா பிளக்கையும் பிடுங்கினேன். அவருடைய சாமான் பெட்டியில் டெஸ்டர் இருந்தது. சிலிப்பரை மாட்டிக்கொண்டு, மெயினைத் திறந்து ஒவ்வொன்றாகச் செருகி, டெஸ்டர் நுனியை மட்டும் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். லைட்டுக்கு ஒன்றும் இல்லை. காற்று விடும் மோட்டாருக்கும் இல்லை. தண்ணீருக்குள் கிடக்கும் ஃபில்டர் மோட்டாரைப் போட்டதும் டெஸ்டர் சிவப்பாக எரிந்தது. அவர் கட்டிலிலிருந்தே எட்டிப் பார்த்து, "அது!" என்றார். பல வாரங்களுக்குப் பிறகு, நான் ஊகிக்க வேண்டியில்லாமல் அவர் வாயிலிருந்து வந்த சொல் அது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரைக் கழற்றி வெளியே எடுத்தேன். தண்ணீருக்குள் கண்ணாடியில் உரசி உரசி ஒயரின் தோல் கிழிந்து, உள்ளே செம்பு தெரிந்தது.

மறுநாள் ரந்தாவிலிருந்து வந்த வயர்மேன் பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல எர்த்தே இல்லக்கா. ஒயரு பாதியில நிக்குது. லீக்கானா தானா விழுற சுவிட்சும் துருப்புடிச்சு செத்துப்போச்சு. கரண்டு தண்ணியிலயே கெடந்திருக்கு, வெளிய போவ வழியில்லாம. நீங்க கைய வெச்சா ஒங்க ஒடம்பு வழியா எறங்குது."

வயர்மேன் குளியலறைக்குப் பின்னால் ஈர மண்ணில் செம்புக் கம்பி அடித்து, பச்சை ஒயரை இழுத்துவந்து மாட்டினார். சுவிட்சையும் மாற்றினார். புது மோட்டார் போட்டதும் தண்ணீரில் டெஸ்டர் எரியவில்லை. மீன் கொஞ்ச நேரம் மூலையில் ஒதுங்கிக் கிடந்துவிட்டு, நடுவுக்கு வந்தது.

வயர்மேன் போன பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரைக் கேட்டேன்.

"நீங்க கேக்கல, நானா கேக்குறேன். சொல்லுங்க, எங்க போவணும்? வெளிய முடியாது. வீட்டுக்குள்ள எங்கன்னாலும் கொண்டுபோறேன்."

நெடுநேரம் சொல்லைத் தேடினார். கிடைக்கவில்லை. குசினிப் பக்கம் கையைக் காட்டினார்.

சக்கர நாற்காலியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனேன். குசினி நிலைக்கதவு குறுகலானது. நாற்காலி உள்ளே நுழையவில்லை. வாசலிலேயே நிறுத்திவிட்டு, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன். பின்கதவு வழியாகச் செம்பனை மரங்கள் தெரிந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. விரலை வெட்டிக்கொள்வேனோ என்பதுபோல, என் கையில் இருந்த கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.