பழைய கணக்கில் வந்த நிவாரணம்

ஒரு ரமலானில் மகளுக்காக, ஏழைகளுக்கு உரிய ஜகாத் பணத்தை வாங்கினேன். அன்று அதை வாங்க அவளுக்குத் தகுதி இல்லை என்பது நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அவளுக்குப் பத்தொன்பது வயது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் லைன் வேலை. ஒரு காலையில் அவளுடைய கம்பெனி பஸ் வல்லக்கோட்டைப் பக்கம் லாரியில் மோதி, தொடையெலும்பு இரண்டாக உடைந்தது. காயம்பட்டவர்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. ஆதார் நகலை வாங்கிப் போனார்கள். அவளுடைய வங்கிக் கணக்கைத் தினமும் பார்த்தேன், எதுவும் வரவில்லை. இரண்டாவது அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டும். பள்ளிவாசலில் அவள் பெயரில் மனு எழுதிக் கொடுத்தேன்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் பெண்கள் வரிசை. நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கமிட்டிக்காரர் ஒருவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"டீச்சரம்மாவே லைன்ல வந்து நின்னுகினா நாங்க இன்னா பண்றது?"

எனக்குப் பின்னால் இடுப்பில் பிள்ளையோடு நின்ற பெண் பதில் சொன்னாள், தென்பக்கத்துப் பேச்சில்:

"அப்ப ஒரு நாற்காலி போடுங்க. டீச்சரு உக்காந்து வாங்கட்டும்."

வரிசையே சிரித்தது. பிறகு மெதுவாக என்னிடம், "மனசுல வச்சுக்காதீங்க ராத்தா. புள்ள நடந்துரும்" என்றாள். அவளுக்கு மூன்று மாத வாடகை பாக்கி. பெருநாளுக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்களாம். மனு எதுவும் கொடுக்காமல், கேட்டுப் பார்ப்போம் என்று வந்திருந்தாள்.

என் கையில் உறை வந்தது. அடுத்து அவளிடம், "அவ்ளோதாம்மா, முடிஞ்சிட்ச்சு" என்றார்கள். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள். நான் மருத்துவமனைக்கு ஓடினேன்.

மகள் முன்பு மூன்று மாதம் பயிற்சிக்குப் போன கம்பெனி அவளுக்கு ஒரு கணக்கு திறந்து கொடுத்திருந்தது. வேலை மாறியதும் மறந்துவிட்டோம். அதற்குக் கொடுத்திருந்த போன் நம்பரின் சிம்மும் இல்லை. ஆதார் மட்டும் அந்தக் கணக்கிலேயே இணைந்திருந்தது. நான்கு மாதம் கழித்து நினைவு வந்து அதை மூடப் போனபோது பாஸ்புக்கில் அச்சடித்துக் கொடுத்தார்கள். நான் வரிசையில் நின்றதற்குப் பதினோரு நாள் முன்பே நிவாரணம் வந்திருந்தது. நிஸாப் வரம்பைத் தாண்டிய தொகை. அவ்வளவு வைத்திருப்பவர் ஜகாத் கொடுக்க வேண்டியவர், வாங்கக்கூடாதவர்.

அங்கிருந்தே, வரிசையில் என் பின்னால் நின்ற பெண் பேச்சுவாக்கில் சொல்லியிருந்த தெருவைத் தேடிப் போனேன்.

"அந்தப் பொம்பளையா? பெருநாளைக்கு முன்னாடியே வூட்டைக் காலி பண்ணிட்டாங்க" என்றார் வீட்டுக்காரர். "எங்க போனாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அவள் இருந்த அறையில் நைட் ஷிப்ட் முடித்த நான்கு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப பொண்ணுக்குக் கடன் ஏதாவது இருந்துச்சாம்மா? கடனாளின்னா வாங்கலாம்."

"கடனெல்லாம் எனக்குத்தான் ஹஜ்ரத். அவளுக்கு இல்லை."

"தெரியாம வாங்குனது குத்தமில்ல. கொடுத்தவங்க கடமையும் நிறைவேறிடுச்சு. மனசு உறுத்துனா அந்தத் தொகையை ஒரு ஏழைக்குக் கொடுத்துடுங்க."

"அந்த ஏழைக்கா?"

"எந்த ஏழையா இருந்தாலும் சரிதாம்மா."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மகள் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள். மழை நாளில் கால் குடைகிறது என்று முனகும்போதெல்லாம், யாருடைய கூரையை எடுத்து என் பிள்ளையின் எலும்பை ஒட்டினேன் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"இன்னும் அதையே நெனச்சிட்டு இருக்கியாம்மா?" என்று அவள் ஒருநாள் சிரித்தாள். "என் பேர்லதானே வாங்குன? பாவம்னா எனக்குத்தான், உனக்கில்ல. விடு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். என் பயமே அதுதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

போன வாரம் அதே தொகையைக் கமிட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் என்றாவது வந்தால் அவளுக்குக் கொடுங்கள் என்றேன். கமிட்டிக்காரர் நோட்டைத் திறந்தார்.

"எழுதி வெச்சுக்கறேன் டீச்சர். அவங்க பேரு?"

நான் கேட்கவேயில்லை.