நாலு மணிக்குச் சௌந்திரம் நடந்தாள்

செவ்வாய்க்கிழமை காலையில் சௌந்திரம் பிடித்து நடக்கிற கம்பிகளை அறுத்தார்கள். அறுக்கச் சொன்னவன் அவள் தம்பி தீனதயாளன். ஐம்பத்தாறு வயதுக்காரி கட்டிலில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியாகத் தீப்பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்த் தடுக்கலாமென்றால், வலது காலில் தொடைவரை மாட்டும் அந்த இரும்புச் சட்டத்தை, காலிபரை, துடைத்து வைக்கிறேன் என்று தம்பி மனைவி மயிலம்மாள் விடிந்ததுமே எடுத்துப் போயிருந்தாள். துடைப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

இரண்டு வயதில் போலியோ வந்தது. கல்யாணம் ஆகவில்லை. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் தம்பியின் கோழிப்பண்ணையில் முப்பது வருடம் முட்டை அறை அவளுடையதாக இருந்தது. காலிபரை மாட்டிக்கொண்டு, கோலூன்றி, கொட்டகைக்கும் வீட்டுக்கும் நாலு நடை நடப்பாள். கீறல் விழுந்த முட்டை விரல் பட்டதும் தெரிந்துவிடும். முட்டை அட்டைகளை ஏனோதானோவென்று லாரியில் ஏற்றுகிற டிரைவர்கள் அவள் வாய்க்குப் பயந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் தீனதயாளன் கொட்டகைகளைக் குத்தகைக்கு விட்டான். "நீ ஒழைச்சது போதும்க்கா, இனி ஒக்காந்து சாப்பிடு" என்றான். சொல்லும்போது அவன் கண் கலங்கியது. பாசத்தோடுதான் செய்தான், அதுதான் கொடுமை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே குளியலறை கட்டினான், டிவி மாட்டினான். தட்டு கட்டிலுக்கு வந்தது, தண்ணீர் கைக்கு வந்தது. அவள் எழுந்து ஒரு சொம்பைக் கழுவினாலும் மயிலம்மாள் ஓடிவந்து பிடுங்கினாள். கால் முடியாத அக்கா வேலை செய்வதை யாராவது பார்த்துவிட்டால் தம்பி சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று பங்காளிகள் பேசுவார்கள். உட்கார வைத்தால், மகராசன் அக்காவைத் தாங்குகிறான் என்பார்கள். அந்தப் பெயருக்காக அவளை உட்கார வைத்தார்கள்.

ஒரே வருடத்தில் அவள் தலை வாருவதை விட்டாள். வைத்த சோறு காய்ந்து கிடந்தது. டிவி ஓடும், அவள் சுவரைப் பார்த்திருப்பாள். தனியார் மருத்துவர் ஒருவர் மாத்திரை எழுதினார். இந்த வயதில் இந்தக் காலோடு இப்படித்தான் இருக்கும் என்று தீனதயாளனிடம் சொன்னார். பக்கத்து நாற்காலியில் இருந்த சௌந்திரத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளிடமே கேட்ட முதல் ஆள் ஷாலினி. அரசு மருத்துவமனையிலிருந்து வீடு வீடாக வருகிற பிசியோதெரபி பெண்.

"காலைல எந்திரிச்சதும் என்னங்கம்மா தோணும்?"

"ஏன் எந்திரிச்சோம்னு தோணும்" என்றாள் சௌந்திரம்.

மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஆனால் அது மட்டும் போதாது என்றாள் ஷாலினி. உடம்பு அசைந்தால்தான் இந்த மனசும் அசையும். போலியோ வந்த தசையை மட்டும் களைக்கக் களைக்க விரட்டக் கூடாது. அலுப்புத் தெரிவதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், பிடித்து நடக்க இடுப்பு உயரத்தில் இரண்டு கம்பி. அவ்வளவுதான் அவள் கேட்டது.

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரிப் பட்டறையில் வெல்டிங் செய்கிற அன்பரசு, பழைய போர் குழாய்களை வெட்டி வீட்டின் பக்கவாட்டில் நட்டுக் கொடுத்தான். நாலு மணியானால் சௌந்திரம் அங்கே நின்றாள். முதல் வாரம் நாலு எட்டு வைப்பதற்குள் அழுகை வந்தது. ஆறாவது வாரம் பசித்தது. பால்காரனிடம் தண்ணீர் கலந்ததற்குச் சண்டை போட்டாள். அக்காவுக்கு நோய் முற்றிவிட்டதோ என்று தீனதயாளன் பயந்தான். ஷாலினி சிரித்தாள், இதுதான் குணமாவது என்றாள்.

அப்போதுதான் தம்பி மகள் பிரவீனாவுக்கு ராசிபுரத்திலிருந்து வரன் வந்தது. வியாழக்கிழமை நாலு மணிக்கு மேல் பெண் பார்க்க வருகிறார்கள். தரகர் வாசலில் நின்று கம்பிகளைப் பார்த்துவிட்டு, இது என்ன ஆஸ்பத்திரி மாதிரி, நாளைக்கு ரத்தத்தில் ஓடுகிற நோயா என்று கேட்பார்களே என்றார். போலியோ ரத்தத்தில் ஓடாது என்பது தீனதயாளனுக்குத் தெரியும். தெரிந்தும் அறுத்தான்.

"கல்யாணம் முடியட்டும், மறுபடி நட்டுக்கலாம்" என்றான். வரன் கூடி வந்தாலும் கல்யாணம் தையில்தான். இது ஆவணி. வையப்பமலையில் இருக்கும் சித்தி வீட்டுக்கு இரண்டு நாள் போய் வா என்றும் சொன்னான். அவள் போகவில்லை. அப்படியானால் ரூமை விட்டு வெளியே வராதே என்றான்.

புதன்கிழமை முழுக்க அவள் சுவரைப் பார்த்தாள். பழைய கனம் வந்து தோளில் உட்காருவது தெரிந்தது. இன்னும் ஐந்து மாதம் இப்படியே கிடந்தால் தான் எழமாட்டாள் என்பதும் தெரிந்தது. கோபம் வந்தது. வாய்விட்டுத் திட்டித் தீர்க்கிற கோபமல்ல, எழுந்து நிற்கவைக்கிற கோபம்.

கம்பியை அறுத்து முடித்ததுமே மயிலம்மாள் காலிபரைக் கட்டிலடியில் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தாள். வியாழன் நாலு மணிக்குச் சௌந்திரம் அதை மாட்டினாள். அந்த வீட்டில் பிடித்து நடக்க இன்னும் ஒரே ஓர் இடம்தான் மிச்சமிருந்தது. அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிப்போகத் தீனதயாளன் வாசலிலேயே ஒரு சரிவுப்பாதை கட்டி, பளபளவென்று ஸ்டீல் கைப்பிடி வைத்திருந்தான். சௌந்திரம் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க, பக்கவாட்டில் அடியெடுத்து வைத்தபோது இரண்டு கார்கள் வந்து நின்றன.

மாப்பிள்ளையின் அம்மா இறங்கி நின்று பார்த்தாள். "ஏனுங்க, ஒடம்புக்கு என்னங்க?"

"போலியோங்க, ரண்டு வயசுல வந்தது. நடக்காம கெடந்தா மனசு செத்துப் போகுதுங்க. நாலு மணிக்கு இதான் மருந்து. நீங்க உள்ள போங்க, காப்பி ஆறிப்போகும்."

தீனதயாளன் முகம் கறுத்து நின்றான். சௌந்திரம் நடையை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்ட வேண்டும் என்று மறுநாள் ராசிபுரத்திலிருந்து போன் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். மயிலம்மாள் பாத்திரத்தைப் போட்டு உடைத்தாள். பிரவீனா அழுது வீங்கிய முகத்தோடு வந்து நின்றாள்.

"ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதாங்க அத்தே?"

"மூணு வருசம் பொறுத்தேன் சாமி. அப்ப நீயும் இதே ஊட்லதான் இருந்தே."

பிரவீனா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பெண்ணை நினைத்துச் சௌந்திரத்துக்கு வலித்தது. ஆனாலும் நாலு மணிக்கு மறுபடி வாசலுக்குப் போனாள். சனிக்கிழமையும் போனாள். தெருவில் போகிற வருகிற எல்லாரும் நின்று விசாரித்தார்கள். எல்லாருக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள், தம்பி எதை ஏன் அறுத்தான் என்பது உட்பட.

ஞாயிற்றுக்கிழமை தீனதயாளனே அன்பரசைக் கூப்பிட்டான். பாசத்தால் அல்ல, வெட்கத்தால். சௌந்திரத்துக்கு அது போதும். அன்பரசு குழாய்களோடு வந்து குழி தோண்டினான். தீனதயாளன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல், கீழே போல்ட் வைத்து முடுக்கிவிடு, விருந்தாளிகள் வந்தால் கழற்றிக்கொள்ளலாம் என்றான்.

சௌந்திரம் நாற்காலியை வெயிலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"போல்ட்டு வேண்டாம் அன்பரசு. அடியில நாலு கம்பி வெல்டு வெச்சுக் காங்கிரீட்டப் போடு" என்றாள். அவன் தீனதயாளனைப் பார்த்தான். "அங்க என்ன பாக்கறே? நடக்கறவ நான்."

காங்கிரீட் இறுகும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.