தாய்லாந்துக்கு ஒரு கையெழுத்து

வீட்டுக்குள் போகுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும். பெரியவர்களுக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்காரக்கூடாது. எதைக் கொடுத்தாலும் வலது கையால் கொடுக்க வேண்டும். கைகூப்பி வணக்கம் சொல்ல வேண்டும்...

இதையெல்லாம் எனக்கு யார் சொல்லித் தந்தது தெரியுமா? என் மகளின் பள்ளிக்கூட டீச்சர். லண்டன் இல்ஃபோர்டில், பள்ளி ஹாலில், பெரிய திரையில் படம் போட்டுக் காட்டிச் சொன்னார். ஈஸ்டர் விடுமுறைக்குச் சற்று முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். தலைப்பு — தாய்லாந்துக் கலாசாரம், பெற்றோருக்கான அறிமுகம்.

முன் வரிசையில் தமிழ்த் தாய்மார் மூன்று பேர் இருந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மனோர் பார்க்கிலிருந்து வந்திருந்த அக்கா என் காதுக்குள், இதைப் பழகுவதற்கு எதற்குப் பிளேன் ஏற வேண்டும், பிள்ளைகளை எங்கள் வீட்டில் இரண்டு கிழமை விட்டால் போதாதா என்றார். சிரித்தேன். உண்மையில் சிரிக்கத் தெம்பில்லாத நாள் அது. கவுன்சில் அலுவலகத்தில் எட்டு மணித்தியாலம் போனில் ஊரார் வீட்டு ஈரச் சுவர்களைப் பற்றிய முறைப்பாடு கேட்டுவிட்டு நேரே வந்திருந்தேன்.

விஷயம் இதுதான். பதினாறு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், டீச்சர்கள் இரண்டு பேர், கோடை விடுமுறையில் இரண்டு கிழமை தாய்லாந்து. வடக்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தப் பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள். மிச்ச நாட்களில் சமையல் வகுப்பு, விகாரை, யானை குளிப்பாட்டல். முடிவில் சமூக சேவைச் சான்றிதழ் ஒன்று கிடைக்கும். யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பிக்கும்போது எடுபடுமாம்.

என் மகள் ஆரணி இன்றுவரை தான் சாப்பிட்ட பிளேட்டைக் கழுவியதில்லை. அவளுடைய அறைச் சுவரில் மூன்று வருடமாக ஒரு ஸ்டிக்கர் பாதி உரிந்து தொங்குகிறது. அவள் ஆறாயிரம் மைல் பறந்துபோய் யாருடையவோ சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறாளாம்! கோயிலில் அன்னதானத்துக்குக் கிடாரம் கழுவ ஆள் இல்லாமல் திண்டாடுகிறார்கள், வா என்று எத்தனை தரம் கூப்பிட்டிருப்பேன்? அது எக்ஸ்பீரியன்ஸ் இல்லையாம்.

இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். நையாண்டிக்கு நல்ல விஷயம். இந்தப் பத்திரிகைப் பத்தி வழக்கமாக அந்தப் பாதையில்தான் ஓடும் என்று உங்களுக்கே தெரியும். எழுதவில்லை. ஏனென்றால், அந்தக் கூட்டத்தில் தந்த படிவம் எங்கள் வீட்டில் வந்து மாட்டிக்கொண்டது.

தாயும் தகப்பனும் இருவருமே கையெழுத்துப் போட வேண்டிய படிவம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான் அன்றே போட்டுவிட்டேன். எங்கள் தலைமுறை இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து படிவம் நிரப்பியே களைத்துப்போன தலைமுறை இல்லையா? அகதி விண்ணப்பம், வீட்டு விண்ணப்பம், பெனிபிட் விண்ணப்பம், பள்ளிக்கூட விண்ணப்பம்... இன்னும் ஒன்று கூடினால் என்ன?

இவர் போடவில்லை.

இவர் என்றால் என் கணவர் மகேந்திரன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஆளைத் தெரியும் — பஸ் டிப்போவில் மெக்கானிக், பேச்சுக் குறைவு, தேத்தண்ணிக்குச் சீனி அதிகம். படிவத்தைக் கையில் வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்த்தார். மடித்து பிரிட்ஜின் மேல் வைத்தார். யோசிப்பம் என்றார்.

எங்கள் வீடுகளில் 'யோசிப்பம்' என்றால் என்ன அர்த்தம் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பொம்பிளைப் பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயம், வேறென்ன என்று நினைத்தேன். இரண்டு டீச்சர்களில் ஒருவர் பெண் என்றேன். இன்சூரன்ஸ் இருக்கிறது, போன் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் பேசலாம் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். படிவம் மட்டும் பிரிட்ஜின் மேலேயே இருந்தது. சனி போனது. ஞாயிறு போனது. வேலையிலிருந்து வந்து சமைத்து, இவரோடு மல்லுக்கட்டி, பிறகு ஆரணியைச் சமாதானப்படுத்தி... எனக்கு இரண்டு பேரையும் பிடித்துத் தாய்லாந்துக்கு அனுப்பிவிட்டு ஒரு கிழமை படுத்துக் கிடந்தால் போதும் என்றாகிவிட்டது.

புதன்கிழமை காலை ஆரணி பொறுமையிழந்தாள். இவர் வேலைக்குப் போவதற்குச் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் பெடியனா இருந்தா இப்ப சைன் பண்ணியிருப்பீங்கள்," என்றாள்.

இவர் நிமிரவில்லை. மற்றச் சப்பாத்தின் நாடாவையும் இறுக்கினார். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவள்மீது கோபம் வரவில்லை, இவர்மீதுதான் வந்தது. அவள் வாய்விட்டுச் சொன்னதைத்தானே நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்?

வியாழன் பின்னேரம். விடிந்தால் கடைசி நாள். நான் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறேன். இவர் மேசையில் தேத்தண்ணியோடு இருக்கிறார். தகப்பனுக்குக் கேட்கட்டும் என்றே ஆரணி அங்கே வந்து, போனைப் பார்த்துப் பார்த்துத் தாய்லாந்து மொழியில் எண்களைப் பாடமாக்கினாள். நுங்... சோங்... சாம்... சீ... ஹா... ஐந்தோடு நின்றுவிட்டாள். போன் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, ஆறு வரவில்லை.

"ஹொக்," என்றார் இவர்.

தேத்தண்ணியைப் பார்த்தபடிதான் சொன்னார். பிறகு நிறுத்தத் தெரியாதவர் மாதிரி ஜெட், பெட், காவ், சிப் என்று பத்து வரைக்கும் போனார். ஒருக்கால் மூச்சு விட்டார்.

"யீ சிப் சாம்," என்றார். "இருபத்திமூண்டு. அது நான்."

இந்த மனுசனோடு இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்துகிறேன். இவர் இங்கே வந்து சேர்ந்ததைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வசனம்: ஏஜென்சியால வந்தவர் — காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு ஏற்றுகிற ஏஜென்ட் மூலம். நம்மவர்களைச் சந்தித்தால் எந்த ஊர் என்று கேட்போம், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்போம், யாருடைய ஆள் என்று கேட்போம். எந்த வழியாக வந்தாய் என்று மட்டும் கேட்க மாட்டோம். கேட்டால் நம்முடையதையும் சொல்ல வேண்டி வருமே! கட்டின மனுசியும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

அன்றைக்குச் சொன்னார். ஊரை விட்டு வெளிக்கிடும்போது இவருக்கு இருபத்திரண்டு வயது. ஏஜென்ட் ஆறு பேரை பாங்கொக்கில் ஓர் அறையில் இருத்திவிட்டு, நாளைக்கு வாறன் என்று பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனவன்தான். நாளைக்கு வந்தது போலீஸ். விசா இல்லாதவர்களை அடைத்து வைக்கும் இடத்தில் ஏழு மாதம். காலையும் பின்னேரமும் வரிசையாக இருத்தி எண்ணுவார்களாம். அவரவர் தன் எண்ணை அந்த மொழியில் உரத்துச் சொல்ல வேண்டும். இவருக்குத் தாய்லாந்துக் கலாசாரம் அறிமுகமான விதம் இது.

இவர் அங்கே இறங்கியது வேறு யாருடையவோ பெயர் போட்ட பாஸ்போர்ட்டில். அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"எனக்கு நல்ல காய்ச்சல்," என்றார். "செத்துப்போனா அம்மாவுக்கு அறிவிக்க ஒரு பேர் வேணுமெல்லே. அதால சொந்தப் பேரைச் சொல்லிப்போட்டன்."

மகேந்திரன். கைநாட்டோடு எழுதி வைத்துக்கொண்டார்கள். கடைசியில் வெளியே விடும்போது, இனி இந்த நாட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்களாம்.

நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதல்லவா? தகப்பனின் பெயரைப் பிள்ளையின் பெயரோடு சேர்ப்போம், அவ்வளவுதான். இந்த நாட்டுப் படிவங்கள் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டபோது, எல்லாரும் செய்ததையே நாங்களும் செய்தோம். அந்தக் கட்டத்துக்குள் இவருடைய சொந்தப் பெயரை எழுதினோம். ஆரணி மகேந்திரன். பிறப்புப் பத்திரத்தில் அதுதான், பாஸ்போர்ட்டிலும் அதுதான். இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டத்தில் இருப்பது என்றைக்கோ செத்துப்போன பூட்டனின் பெயர். என் மகளுக்கு இருப்பது, எதிரே தேத்தண்ணி ஆறிப்போய் உட்கார்ந்திருக்கிற ஓர் ஆளின் பெயர்.

படிவத்தின் முதல் பக்கத்தில் இவர் கண்டது அதைத்தான். மாணவியின் முழுப்பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி.

"என்ர பேரோட அவள் அந்த எயார்போட் கவுண்டரில போய் நிக்கப்போறாள்," என்றார் என்னிடம்.

விசர்க் கதை. முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு பெயரை வைத்துக்கொண்டு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளையை யார் மறிக்கப் போகிறார்கள்? இவருக்கும் அது தெரியும். மூளைக்கு விளங்குகிறது, கைக்கு விளங்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டியது கைதானே?

ஆரணி கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். ஏன் இதைச் சொல்லவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நேற்று நான் அப்படிச் சொன்னேனே, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே அப்பா என்றாள்.

"அது பரவாயில்லை பிள்ளை. நீ அப்பிடி நினைச்சது எனக்கு லேசா இருந்தது."

வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாம். வேண்டாம். அழுதேன்.

எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தனாங்கள் தெரியுமோ? — இந்த வசனத்தை நாங்கள் எதற்குத்தான் பாவிப்பதில்லை? லைட்டை அணைக்காவிட்டால் சொல்வோம். கணக்குப் பாடத்தில் மார்க் குறைந்தால் சொல்வோம். சோறு மிச்சம் விட்டால் சொல்வோம். ஆயிரம் தரம் சொல்லியிருப்போம். என்ன கஷ்டம் என்று ஒரு தரமாவது சொன்னோமா? பிள்ளைகள் அதைத் தமிழ் டிவி விளம்பரம் மாதிரிக் காதில் விழுத்தாமல் கேட்கப் பழகிவிட்டார்கள். அதில் அவர்களுடைய பிழை என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அங்கேயுள்ள ஆட்கள் கூடாதவர்களா என்று ஆரணி கேட்டாள். இவர் ஆறிய தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். ஒரு பெண் வருவாராம், அந்த ஊர்க்காரி, கிழமைக்கு ஒருக்கால் சோறு கட்டிக்கொண்டு. இவர்கள் யார், எந்த நாடு என்று ஒன்றும் கேட்க மாட்டாராம். கம்பிக்குள்ளால் கொடுத்துவிட்டுக் கைகூப்பிவிட்டுப் போய்விடுவாராம். அந்தப் பெண்ணுக்கு யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பிக்கும் யோசனை ஏதும் இருந்திருக்காது.

ஆரணி எழுந்தாள். பிரிட்ஜின் மேலிருந்த படிவத்தை எடுத்தாள். தான் போகவில்லை என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவித்த நாளிலிருந்து அந்தப் பயணத்தைத் தவிர வேறு கதை கதையாத பிள்ளை, உண்மையாகவே வேண்டாம் என்றுதான் சொன்னாள். குப்பைக் கூடையின் மூடியைத் திறந்தும்விட்டாள்.

இவர் எழும்பிப் போய் படிவத்தை அவள் கையிலிருந்து வாங்கினார். மேசையில் விரித்து, மடிப்பை உள்ளங்கையால் தேய்த்தார். என்னிடம் பேனை கேட்டார்.

"போ," என்றார். "என்ர பேர் ஒருக்காவெண்டாலும் அந்த வாசலால நேரா உள்ளுக்கப் போகட்டும்."

போட்டார். பிறகு, சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது வடிவாக அடிக்க வேண்டும் என்றும் மகளிடம் சொன்னார். ஏழு மாதம் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசன் சொல்கிறார். அந்தச் சுவரைப் பற்றிய என் பகிடிகள் அன்றோடு முடிந்தன.

இவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எழுதும், ஆனால் என்னை நல்லவனாகக் காட்டாதையும் என்றார். முயன்றிருக்கிறேன்.

போன சனிக்கிழமை அவளை ஹீத்ரோவில் ஏற்றிவிட்டோம். ஞாயிறு விடிந்ததிலிருந்து இவர் பின்வளவில் புல்லு வெட்டினார். வெட்டிய புல்லையே மறுபடியும் வெட்டினார். போன் ஜன்னல் கட்டையில், திரை மேலே பார்த்தபடி இருந்தது. நான் இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. நானும் சாப்பிடவில்லை, அது வேறு கதை.

பத்து மணிக்கு போன் அதிர்ந்தது. பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையின் படம். கீழே இரண்டு வரி. வெளியே வந்துவிட்டோம். ஆபீசர் அப்பாவின் பெயரை வாசிக்கக் கஷ்டப்பட்டுச் சிரித்தார், பத்துச் செக்கன்தான் எடுத்தது.

இவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பத்துச் செக்கனோ என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். உள்ளே வந்தார். புல்லு ஒட்டின சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தார். இரண்டு நிமிடத்தில் குறட்டை. எங்கள் வீட்டில் சப்பாத்தோடு உள்ளே வருவது எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்குத் தெரியும். நான் எழுப்பவில்லை.

இரண்டு கிழமை சமூக சேவை என்று படிவத்தில் போட்டிருந்தது. என் மகள் அதைப் பத்துச் செக்கனில் முடித்துவிட்டாள்.